கப்பலுக்கு முன்னால் காகிதம்

போன கார்த்திகையில் ஒரு நாள் காலை, திருவாமாத்தூரில் எங்கள் களத்துமேட்டுக்கு ஒரு இளைஞர் வந்தார். பக்கத்துத் தெருப் பையன்தான். டிப்ளமோ படித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மூன்று வருடம் வேலை பார்த்து, அது பிடிக்காமல் ஊருக்குத் திரும்பியவர். கையில் இருந்த செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். சீனாவில் ஒருவர் சின்னக் களையெடுக்கும் மிஷினை ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு போகிறார். பின்னால் மண் பொலபொலவென்று கிளறி விழுகிறது.

"பெரியப்பா, இங்க கடையில விக்கிற விலையில பாதிக்கு அங்க தர்றான். நேரா இறக்கிட்டா நம்ம ஊர்லயே வித்துடலாம். மொத்தமா ஐம்பது மிஷின். அம்மா நகையை வெச்சு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?"

உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அவர் சொல்வதில் தப்பு இல்லை. களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் நாம் கூப்பிடும் நாளில் வருவதில்லை. மிஷினுக்குத் தேவை இருக்கிறது. ஆனால் அந்த நகை, அந்த அம்மா முப்பது வருடம் நாற்று நட்டும் களை பிடுங்கியும் சேர்த்தது. அதை ஒரு வீடியோவை நம்பி வைக்கக் கூடாது என்றுதான் எனக்குத் தோன்றியது. "தம்பி, இறக்குமதி பண்ணு. ஆனா ஐம்பது வேணாம், இப்ப வேணாம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு நிற்கிற இளைஞர்கள் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் யோசனை கேட்கும் வேளாண் அலுவலர்களும் இருக்கிறார்கள்.

இறக்குமதி நமக்குப் புதிது அல்ல

வெளிநாட்டுச் சரக்கு என்றாலே முகம் சுளிப்பவர்கள் நம்மில் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. நம் வட்டாரத்துக்குச் சோறு போட்ட பயிரையே பாருங்கள். மற்ற ஊர்க்காரர்கள் நிலக்கடலை, வேர்க்கடலை என்கிறார்கள். நாம் மல்லாட்டை என்கிறோம். மணிலாவிலிருந்து வந்த கொட்டை என்பதால் மணிலாக்கொட்டை. அந்த மணிலாதான் நம் வாயில் மல்லாட்டையாகிவிட்டது. பிறந்த இடம் தென் அமெரிக்கா. நூறு வருடத்துக்கும் முன்னால் தென்னாற்காட்டில் பழைய ரகம் நோயில் சரிந்தபோது, வெளியிலிருந்து வந்த மொரீஷியஸ் என்ற ரகம்தான் சாகுபடியைத் தூக்கி நிறுத்தியது. பிறகு திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அந்தப் பயிரை நம் மண்ணுக்கு ஏற்றபடி வளர்த்தெடுத்து, டி.எம்.வி. என்று ஊர்ப் பெயரிலேயே ரகங்களைக் கொடுத்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. வெளியிலிருந்து வந்தது நம் மண்ணில் நின்றதற்குக் காரணம், இங்கே யாரோ அதை நம் வயலில் போட்டுப் பார்த்து, ஆகாததைக் கழித்து, ஆவதை வைத்துக்கொண்டதுதான். பயிருக்கு இருக்கிற விதிதான் மிஷினுக்கும்.

முதலில் நம் வயலை அளக்க வேண்டும்

அந்த வீடியோவை மறுபடி பார்க்கச் சொன்னேன். மிஷின் ஓடியது சோளக்கொல்லை மாதிரி அகலமான வரிசையில். "தம்பி, கத்தி எத்தனை அகலம்?" என்று கேட்டேன். தேடிப் பார்த்துவிட்டு, "அறுபது சென்டிமீட்டர்" என்றார். மல்லாட்டைக்கு நாம் விடும் வரிசை இடைவெளி 30 சென்டிமீட்டர். அந்த மிஷின் நம் கொல்லையில் இறங்கினால் களையோடு செடியும் போகும்.

இன்னொன்று, நாள். மல்லாட்டையில் முதல் களை 20, 25 நாளில் எடுக்கிறோம். 40, 45 நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைக்கிறோம். அதற்குப் பிறகு விழுது மண்ணுக்குள் இறங்கும் நேரம். கொல்லையைத் தொடக் கூடாது. அதாவது ஒரு பட்டத்தில் இந்த மிஷினுக்கு வேலை இருப்பது சுமார் 25 நாள்தான். அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த பட்டம் வரை சரக்கு கொட்டகையில் தூங்கும். வட்டி மட்டும் தூங்காது.

இறக்குமதிச் சரக்குக்கு ஆர்டர் கொடுத்த மறுவாரம் லாரி வந்து நிற்காது. தொழிற்சாலை செய்து முடிக்க ஒரு மாதம் கேட்பார்கள். கடல் வழியில் சென்னைக்கு இரண்டு மூன்று வாரம். துறைமுகத்தில் காகித வேலை முடிந்து வெளியே வர ஒரு வாரத்துக்குக் குறையாது. மார்கழிப் பட்டத்துக்கு விற்க வேண்டுமென்றால் ஆவணியிலேயே பணம் கட்டியிருக்க வேண்டும். தை, மாசியில் சீனப் புத்தாண்டு வரும். அப்போது அங்கே தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும். கார்த்திகையில் நகையை வைத்து மார்கழிக்கு விற்பது என்பது நடக்காத காரியம்.

மூன்றாவது, உதிரிபாகம். சில வருடங்களுக்கு முன் நானே ஒரு கடையில் இப்படி வெளிநாட்டு மிஷின் ஒன்று வாங்கினேன். முதல் பட்டம் நன்றாக ஓடியது. இரண்டாவது பட்டத்தில் கார்புரேட்டர் போய்விட்டது. கடைக்காரர் அந்த மாடல் இப்போது வருவதில்லை என்றார். பத்து ரூபாய் வாஷர் முதல் கத்தி வரை எதுவும் கிடைக்கவில்லை. இன்றைக்கும் அது மாட்டுக்கொட்டகை மூலையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. அந்தக் கடைக்காரர் ஏமாற்றுக்காரர் இல்லை. அவரும் ஒரே ஒரு தடவை இறக்கியவர்தான். மிஷினை மட்டும் இறக்கினார், உதிரிபாகத்தை இறக்கவில்லை. அவருக்கும் அதோடு வியாபாரம் முடிந்தது.

நான்காவதை யாருமே கணக்கில் எடுப்பதில்லை. அது மானிய விலை. வேளாண் பொறியியல் துறை மூலமாக இயந்திரமயமாக்கல் திட்டத்தில் களையெடுக்கும் கருவிக்கு 40 முதல் 50 சதவீதம் வரை மானியம் உண்டு. அந்த மானியம், அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் சோதித்துச் சான்று பெற்ற மிஷினுக்குத்தான். தம்பி இறக்கும் மிஷினுக்கு அந்தச் சான்று இருக்காது. அப்படியென்றால் அவருடைய போட்டி கடை விலையோடு அல்ல, கடை விலையில் பாதியோடு. அந்த இடத்தில் நின்று பார்த்தால் "பாதி விலைக்குக் கிடைக்கிறது" என்ற சந்தோஷம் அப்படியே கரைந்துவிடும்.

காகிதம் என்ன கேட்கிறது

இப்போது காகிதத்துக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து வியாபாரத்துக்குச் சரக்கு இறக்க இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண் வேண்டும். ஐ.இ.சி. என்பார்கள். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி வீட்டிலிருந்தே வாங்கலாம். பான் எண்தான் அந்தக் குறியீடும். இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் தரகர்களிடம் போக வேண்டாம். வாங்கிய பிறகு ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களைச் சரிபார்த்து உறுதி செய்ய வேண்டும். விட்டால் எண் செயலிழந்துவிடும். பல பேர் இதை மறந்துவிட்டு, சரக்கு துறைமுகத்துக்கு வந்த பிறகு தலையில் கை வைக்கிறார்கள். ஜி.எஸ்.டி. பதிவு, நடப்புக் கணக்கு, வங்கியின் அந்நியச் செலாவணிக் கிளைக் குறியீட்டைச் சுங்கத் துறையில் பதிவது ஆகியவை அடுத்த படிகள்.

ஐ.இ.சி. கையில் இருந்தால் எதையும் இறக்கலாம் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் சுங்கத்தில் ஓர் எண் உண்டு. எச்.எஸ். கோடு என்பார்கள். வரி எவ்வளவு, இறக்கலாமா கூடாதா, வேறு யாருடைய அனுமதி வேண்டும் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஓர் உதாரணம் சொல்கிறேன். மருந்து தெளிக்கும் ட்ரோனை வெளிநாட்டிலிருந்து வாங்கி வாடகைக்கு விடலாம் என்று நம் பக்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். முழு ட்ரோனாகவோ, பிரித்த பாகங்களாகக் கட்டியோ இறக்குவதை மத்திய அரசு 2022 பிப்ரவரியில் தடை செய்துவிட்டது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு. தெரியாமல் பணம் அனுப்பினால் பொருளும் வராது, பணமும் வராது. பூச்சிமருந்துக்கு 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். உரத்துக்கு 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. இவை இரண்டும் புதிதாகத் தொடங்குபவரின் களம் அல்ல.

சின்ன விஷயம்கூடச் சரக்கை நிறுத்தும். மிஷின் மரப்பெட்டியில் வந்தால், அந்த மரம் பூச்சி இல்லாமல் சூடேற்றப்பட்டது அல்லது புகையூட்டப்பட்டது என்பதற்கான ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை பலகையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருப்பது இரும்பாக இருந்தாலும் பெட்டி வெளியே வராது. ஆர்டர் கொடுக்கும்போதே இதை எழுத்தில் கேட்டுவிட வேண்டும்.

சரக்கு வரும்போது தாக்கல் செய்ய வேண்டியது பில் ஆஃப் என்ட்ரி. கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் பெரும்பாலும் இதைத் தாக்கல் செய்துவிட வேண்டும். தாமதமானால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாய். இதைத் தவிர கன்டெய்னர் நிற்கும் வாடகை தனி, சரக்கு நிலையத்தின் வாடகை தனி. முதல் தடவை சுங்க முகவர் ஒருவரை வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அவர் நிரப்பும் தாளில் என்ன இருக்கிறது என்று நாமும் படிக்க வேண்டும். பொறுப்பு நம் பெயரில்தான்.

ஒரு கணக்கு

தம்பியோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். ஐம்பதை இருபதாக்கினோம். புரிவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள்தான் இவை. சென்னைத் துறைமுகம் வரை, காப்பீடும் கப்பல் கூலியும் சேர்த்து ஒரு மிஷின் 20,000 ரூபாய் என்று வைத்தோம். இருபதுக்கு 4 லட்சம். அடிப்படைச் சுங்க வரி 7.5 சதவீதம் என்றால் 30,000. அந்த வரி மீது சமூக நலக் கூடுதல் வரி 10 சதவீதம், 3,000. ஆக 4,33,000. இதன் மேல் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. பெரும்பாலான பண்ணைக் கருவிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது நல்ல செய்தி. அதன்படி 21,650. மொத்தம் 4,54,650 ரூபாய்.

இத்தோடு முடியவில்லை. முகவர் கூலி, கப்பல் கம்பெனியின் டெலிவரி ஆர்டர் கட்டணம், சரக்கு நிலையக் கட்டணம், சென்னையிலிருந்து விழுப்புரத்துக்கு லாரி வாடகை எல்லாம் சேர்த்து 60,000 என்று போட்டோம். நகைக்கடன் வட்டி ஐந்து மாதத்துக்கு 25,000. ஆக 5,39,650. ஒரு மிஷினுக்கு 26,982 ரூபாய் ஆகிறது. இருபதில் மூன்று ஓடாமல் நின்றுவிட்டால், மீதி பதினேழின் தலையில் அந்தப் பணம் ஏறும். அப்போது ஒன்று 31,700 ரூபாயைத் தாண்டுகிறது. ஜி.எஸ்.டி.யைப் பிறகு விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் விற்ற பிறகுதானே!

தம்பி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வீடியோல இருபதாயிரம்னுதான் போட்டிருந்தான்" என்றார்.

கப்பல் கூலியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முழு கன்டெய்னர் எடுக்க முடியாதவர்கள் மற்றவர் சரக்கோடு பங்குபோட்டு அனுப்புவார்கள். அதற்கு அங்கே ஏற்றும்போது மிகக் குறைந்த கூலி சொல்வார்கள். இங்கே இறங்கியதும் இறக்கும் கட்டணம், பிரிக்கும் கட்டணம் என்று பட்டியல் நீளும். சென்னையில் என்னென்ன கட்டணம் என்று பணம் அனுப்பும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வட்டப்பாறைச் சத்தியம்

அடுத்து தம்பி கேட்ட கேள்விதான் என்னை உறுத்தியது. "விலையைக் குறைச்சு பில் போட்டுத் தர்றேங்கிறான் பெரியப்பா. எல்லாரும் அப்படித்தானாம். வரி பாதியா குறையுமாம்."

எங்கள் ஊர் அபிராமேசுவரர் கோயிலில் வட்டப்பாறை இருக்கிறது. அந்தக் காலத்தில் வழக்கு என்றால் அங்கே வந்து சத்தியம் செய்வார்கள். பொய்ச் சத்தியம் செய்தவர் தப்ப மாட்டார் என்பது நம்பிக்கை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. தம்பியின் சொத்தை எடுத்துக்கொண்ட அண்ணன், பணத்தைக் கைத்தடிக்குள் ஒளித்து, தடியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, "என்னிடம் எதுவும் இல்லை, எல்லாம் அவனிடம்தான் இருக்கிறது" என்று சத்தியம் செய்தான். சொல்லளவில் உண்மைதான். ஆனால் தும்பூரைத் தாண்டுவதற்குள் பாம்பு கடித்தது.

குறைத்துப் போட்ட பில் அந்தக் கைத்தடிதான். 2011 முதல் சுங்கத்தில் சுய மதிப்பீடு வந்துவிட்டது. இந்தப் பொருள் இதுதான், விலை இவ்வளவுதான், இவ்வளவு வரி கட்டுகிறேன் என்று இறக்குமதி செய்பவரே அறிவிக்கிறார். அறிவிப்பின் உண்மைக்கு அவரே பொறுப்பு. அதே மாதிரிப் பொருளை மற்றவர்கள் என்ன விலைக்கு இறக்கினார்கள் என்பது சுங்கத் துறையின் கணினியில் இருக்கிறது. விலை உதைத்தால் கேட்பார்கள். பொய் என்று தெரிந்தால் சரக்கைப் பறிமுதல் செய்யவும் அபராதம் போடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. வங்கி வழியாகப் போன பணமும் பில் ஆஃப் என்ட்ரியில் உள்ள தொகையும் பொருந்துகிறதா என்று ரிசர்வ் வங்கியின் கணினி அமைப்பு 2016 முதல் பார்த்துக்கொண்டிருக்கிறது. மீதிப் பணத்தை எந்த வழியில் அனுப்புவீர்கள்? அதற்கு இன்னொரு சட்டம் காத்திருக்கிறது. பெரிய முதலாளிகள் வக்கீல் வைத்து வருடக்கணக்கில் வழக்கு நடத்துவார்கள். நகையை வைத்த வீட்டால் அது முடியாது.

இந்த இரண்டையும் தொடாதீர்கள்

முதலாவது, பையில் போட்டுக் கொண்டு வரும் விதை, குச்சி, செடி. தாய்லாந்துக் கொய்யா, வியட்நாம் பலா, டிராகன் பழக் குச்சி என்று சுற்றுலா போனவர்கள் மடியில் கட்டிக்கொண்டு வந்ததைப் பெருமையாகச் சொல்கிறார்கள். 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணைப்படி நடவுப் பொருள் எதற்கும் இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். இது வெறும் அரசாங்கக் கெடுபிடி அல்ல. 2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தமிழகத் தோட்டங்கள் வெள்ளை பூசியதுபோல் ஆயின. எவ்வளவு மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010-ல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டு வந்து விட்ட பிறகுதான் அடங்கியது. 2020-ல் மரவள்ளிக்கு வேறொரு மாவுப்பூச்சி கேரளத்தில் வந்து இங்கேயும் பரவியது. அதற்கும் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவி வர வேண்டியிருந்தது. 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் அதை வெளியிட்டார்கள்.

அந்தக் குளவிகளும் இறக்குமதிதான். ஆனால் அனுமதி வாங்கி, பெங்களூருவில் உள்ள மத்திய பூச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் தனிமைப்படுத்தி, வேறு நல்ல பூச்சிகளுக்குக் கெடுதல் இல்லை என்று பார்த்த பிறகுதான் வயலுக்கு வந்தன. பூச்சி காகிதம் இல்லாமல் வந்தது. அதைத் தின்னும் குளவி காகிதத்தோடு வந்தது. நாம் எந்த வழியில் கொண்டு வருகிறோம் என்பதுதான் கேள்வி. ஒருவர் பையில் வந்த ஒரு குச்சிக்கு ஊரே மருந்துச் செலவு செய்ய நேரலாம்.

இரண்டாவது, பருப்பு. உளுந்து இறக்கினால் உடனே விற்கும், பர்மாவில் ஆள் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு தரகர்கள் வருகிறார்கள். அரசாங்கத்தின் கொள்கை அதில் ஒரே நிலையில் நிற்பதில்லை. 2017 ஆகஸ்டில் உளுந்து, பாசிப்பயறு இறக்குமதிக்கு ஆண்டுக்கு 3 லட்சம் டன் என்று வரம்பு வைத்தார்கள். 2021 மே மாதம் திறந்துவிட்டார்கள். மஞ்சள் பட்டாணியை 2023 டிசம்பரில் வரியில்லாமல் விட்டார்கள். 2025 நவம்பர் முதல் 30 சதவீத வரி போட்டார்கள். வரம்பு இருந்த காலத்தில், நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவை நம்பிப் பட்டாணி இறக்கிய வியாபாரிகளின் வழக்கில், சரக்கை முழுவதுமாகப் பறிமுதல் செய்ய உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் உத்தரவிட்டது. கப்பல் கப்பலாக இறக்குகிறவர்களுக்கே இந்த நிலை.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு உளுந்து மூட்டை கொண்டு போகிறவர் நம் சித்தப்பாவும் மாமாவும்தான். வெளிநாட்டு உளுந்து வந்து இறங்கும் வாரத்தில் அவர்கள் மூட்டைக்கு என்ன விலை விழுகிறது என்று நமக்குத் தெரியும். சட்டம் அனுமதித்தாலும், நம் ஊர் விளைச்சலோடு மோதும் சரக்கை நம் ஊர்ப் பிள்ளையே இறக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. நம் உழைப்பைக் குறைக்கும் கருவியை இறக்கட்டும். அதற்கு நானே முதல் ஆளாக நின்று வாங்குவேன்.

எப்படித் தொடங்கலாம்

எனக்குத் தோன்றிய வரிசை இது. முதலில் விற்கப் பழக வேண்டும். ஏற்கெனவே இறக்குமதி செய்து சென்னையிலும் கோவையிலும் மொத்தமாக விற்பவர்களிடம் இரண்டு மூன்று மிஷின் வாங்கி, ஊரில் ஓட்டிக் காட்டி விற்கட்டும். லாபம் குறைவுதான். ஆனால் எந்த மாடல் நம் கொல்லையில் நிற்கிறது, எந்தப் பாகம் முதலில் போகிறது, யார் கடன் சொல்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

இரண்டாவது, நேரடியாக இறக்கும்போது ஒரு மாதிரியை மட்டும் வரவழைத்து ஒரு பட்டம் முழுவதும் ஓட்டிப் பார்க்க வேண்டும். கத்தி அகலம் நமக்கு ஏற்றபடி மாற்றித் தருவாரா என்று கேட்க வேண்டும். பிறகுதான் சின்ன ஆர்டர். அந்த ஆர்டரிலேயே பத்து மிஷினுக்கு ஒன்று என்ற கணக்கில் உதிரிபாகம் சேர்த்து வாங்க வேண்டும்.

மூன்றாவது, பணம். பெரும்பாலும் 30 சதவீதம் முன்பணம், ஏற்றிய பிறகு மீதி என்று கேட்பார்கள். வங்கி வழியாக மட்டுமே அனுப்ப வேண்டும். நடுவில் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தப் புதிய எண்ணுக்கு அனுப்புங்கள்" என்று மின்னஞ்சல் வந்தால், போனில் பேசி முகம் பார்த்து உறுதி செய்யாமல் ஒரு ரூபாய் அனுப்பக் கூடாது. இப்படித்தான் பல பேர் பணத்தை இழந்திருக்கிறார்கள்.

நான்காவது, தனி ஆளாகச் செய்வதைவிட உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலமாகச் செய்வது நல்லது. அந்த நிறுவனத்தின் பெயரிலேயே ஐ.இ.சி. வாங்கலாம். வாங்குபவர்களும் உறுப்பினர்களே என்பதால் தேவை முன்கூட்டியே தெரியும். நஷ்டம் வந்தாலும் ஒரு வீட்டின் நகையோடு போகாது.

அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்

ஏற்றுமதி செய்யுங்கள் என்று மாவட்டம்தோறும் கூட்டம் போடுகிறார்கள். நல்லது. ஆனால் கருவி இறக்குமதி செய்ய நினைக்கும் கிராமத்து இளைஞருக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. அவர் வீடியோவையும் தரகரையும்தான் நம்புகிறார். மாவட்டத் தொழில் மையமும் வேளாண் பொறியியல் துறையும் சேர்ந்து, ஐ.இ.சி. முதல் பில் ஆஃப் என்ட்ரி வரை ஒருநாள் வகுப்பு நடத்தலாம். திண்டிவனத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. ஒவ்வொரு மார்கழிப் பட்டத்திலும் களையெடுக்கும் நாளில், சந்தையில் உள்ள வெளிநாட்டு, உள்நாட்டு மிஷின்களை எல்லாம் ஒரே மல்லாட்டைக் கொல்லையில் ஓட்டிக் காட்டலாம். எது செடியை அறுக்கிறது, எது அறுக்கவில்லை என்று விவசாயிகள் கண்ணால் பார்க்கட்டும். சின்ன இறக்குமதியாளர் கொண்டு வரும் மிஷினைச் சோதித்துச் சான்று தரும் வழியையும் எளிதாக்க வேண்டும். சான்று இருந்தால் மானியத்துக்கு வழி பிறக்கும். இல்லையென்றால் நல்ல மிஷினும் கொட்டகையில்தான் கிடக்கும்.

நம் தம்பி நகையை வைக்கவில்லை. தொழிற்சாலையில் சேர்த்த பணத்தில், சென்னையில் ஓர் இறக்குமதியாளரிடம் 25 சென்டிமீட்டர் கத்தி உள்ள இரண்டு மிஷினை வாங்கி வந்தார். ஒன்றுக்கு வேண்டிய உதிரிபாகத்தையும் கேட்டு வாங்கியிருக்கிறார். இன்றோடு என் மல்லாட்டைக்கு 22 நாள். நாளை மறுநாள் காலை என் கொல்லையில்தான் ஓட்டப் போகிறார். அக்கம்பக்கத்தில் பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். செடி நின்று களை போனால், அடுத்த ஆவணிக்கு அவர் சின்னதாக ஓர் ஆர்டர் போடலாம். செடி போனால் எனக்கு அரைக் காணி மல்லாட்டை நஷ்டம். பரவாயில்லை, அந்த நஷ்டத்தை நான் தாங்குவேன். அவர் அம்மாவின் நகை வீட்டிலேயே இருக்கிறது.